இரண்டாம் கட்டு அறையில் எங்கள் தீபாவளி

போன தீபாவளிக்கு முந்தின நாள், தெருவில் யாரோ அணுகுண்டு வைத்த சத்தத்தில் எங்கள் நாய் மணி முகப்புக் கதவு வழியாக ஓடிவிட்டான். காரைக்குடித் தெருக்களில் இரவு பதினொன்றரை வரை தேடினோம். மூன்று வயது மகள் அழுதுகொண்டே தூங்கினாள். அந்த அழுகையை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த வருடம் வழி காட்டியது அப்பத்தாதான். "இரண்டாம் கட்டுல உள்ளறை இருக்கேப்பா, அங்க வெடிச் சத்தம் அவ்வளவா வராது" என்றார். இரண்டாம் கட்டு என்பது எங்கள் பழைய வீட்டில் முதல் முற்றத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் பகுதி. அவர் சொன்னது உண்மைதான். அந்தக் காலத்துச் சுவரின் தடிமன் அப்படி. அங்கே பாயும் என் பழைய வேட்டியும் விரித்து, மின்விசிறியை வேகமாக வைத்தேன். இரண்டு வாரம் முன்பே மணிக்குச் சோறு வைப்பது அங்கேதான். அப்போது செல்போனில் வெடிச் சத்தத்தை மிக மெதுவாக ஓடவிட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டினேன். காதை விறைத்தால் உடனே குறைத்துவிடுவேன். அவசரப்பட்டால் பயம் கூடிவிடும்.

தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. அதனால் ஐந்து மணிக்கே அவனை நடத்திக் கூட்டிவந்து கதவைச் சாத்தினேன். கழுத்துப் பட்டையில் என் எண்ணும் உண்டு.

மகளுக்குக் காதுமூடி, பருத்திப் பாவாடை. கம்பி மத்தாப்பை மட்டும் என் கையில் பிடித்துக் காட்டினேன்; எரிந்த கம்பி நேராகத் தண்ணீர் வாளிக்குள். அப்புறம் அவளே உள்ளறைக்கு ஓடி, மணியின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.