அங்கோர் வாட்டை நெரிசலில் சிக்காமல் காணும் முறை

அங்கோர் வாட் உள்ளிட்ட பழங்கோயில்கள் நிறைந்த கம்போடியாவின் அங்கோருக்கு முதன்முறையாகச் செல்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எத்தனை நாள் தங்குவது என்பதைத்தான். ஒரு நாள் அனுமதிச் சீட்டு 37 டாலர். 62 டாலர் சீட்டை வாங்கினால் பத்து நாள்களுக்குள் விரும்பிய மூன்று நாள்களில் பார்க்கலாம். இரண்டாவதையே வாங்குங்கள். சீட்டில் உங்கள் முகப்படம் இருக்கும், கோயில்தோறும் சோதிப்பார்கள். தோளையும் முழங்காலையும் மூடும் உடை கட்டாயம்.

அடுத்து, நேரம். அங்கோர் வாட் அதிகாலை 5 மணிக்குத் திறக்கிறது. மேற்கு வாயிலுக்குள் இருக்கும் குளக்கரையில் சூரிய உதயத்தைக் காணக் கூடும் கூட்டத்தில் பெரும்பகுதி, வெளிச்சம் வந்ததும் காலை உணவுக்குத் திரும்பிவிடும். நீங்கள் உள்ளே செல்ல வேண்டிய நேரம் அதுதான். அதற்காகக் கையில் சிற்றுண்டி எடுத்துச் செல்லுங்கள்.

மன்னன் இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்காக எழுப்பிய இக்கோயிலின் புடைப்புச் சிற்பங்கள் இடமாகச் சுற்றிவரும் வரிசையில் அமைந்தவை. வலம்வந்தே பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றும். மேற்கு வாயிலில் நுழைந்ததும் வலப்புறம் திரும்பினால் முதலில் குருக்ஷேத்திரப் போர். தெற்கில் மன்னனின் படை அணிவகுப்பு, பிறகு சொர்க்கமும் நரகமும். கிழக்கில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல். தூண்களின் இடைவெளி வழியாகக் காலை ஒளி விழும்போது வாசுகியைப் பற்றியிருக்கும் கைகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். அங்கே அரை மணி நேரமாவது நில்லுங்கள். சில இடங்களில் கல் பளபளப்பதைக் காண்பீர்கள். அது சிற்பியின் மெருகு அன்று, பலர் கைபட்டதால் நேர்ந்த தேய்மானம். தயவுசெய்து தொடாதீர்கள்.

நடுக்கோபுர மேல்தளத்துக்கு ஒரு நேரத்தில் நூறு பேரையே அனுமதிப்பதால் வரிசையில் காத்திருக்க நேரலாம். பௌத்தப் புனித நாள்களில் அது மூடியிருக்கும்.

இரண்டாம் நாளை மரவேர்கள் பின்னிய தா புரோம் கோயிலுக்கும் முகம் செதுக்கிய கோபுரங்கள் நிறைந்த பாயோன் கோயிலுக்கும் ஒதுக்குங்கள். மூன்றாம் நாள், 967இல் எழுந்த சிறிய சிவன் கோயிலான பந்தேய் ஸ்ரேய். 7.30 மணிக்குத் திறக்கும்போதே அங்கிருந்தால், தெற்கு நூலகத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கைலாயத்தை அசைக்கும் சிற்பத்தை, செந்நிறக் கல்லின் மீது இளவெயில் படியும் வேளையில் காணலாம்.