அண்ணமார் கதை கேக்கப் போறீங்களா? மொத நாள் ராத்திரிக்கே போயிருங்க

நம்ம கொங்குப் பக்கம் பொன்னர், சங்கர்ங்கற அண்ணன் தம்பியோட கதையை அண்ணமார் கதைன்னு பல ராத்திரி பாடுவாங்க, ஆனா எல்லாரும் அவங்க சாகற கடைசி நாளு படுகளத்தன்னிக்குத்தான் கெளம்பி வருவாங்க, அன்னிக்கு பைக் நிறுத்தக்கூட எடம் இருக்காது. மொத நாள் ராத்திரி போய்ப் பாருங்க, முன்னாடி கொஞ்சம் ஆத்தாமாரு, நாலஞ்சு பெருசுக, பாயில சுருண்டு தூங்கற கொழந்தைக, அவ்வளவுதான். எனக்கென்னமோ இது தலைகீழா இருக்குதுங்க. பொன்னரும் சங்கரும் பதினாறு வயசுல சாகப்போறாங்கன்னு கொங்கு நாட்டுல எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்ச சாவுக்கு எதுக்கு இத்தனை சனம் தேம்பித் தேம்பி அழுகுதுங்கற வெவரம் முச்சூடும் மொத ராத்திரிலதான் கெடக்குது. அதனால பெங்களூரு மெட்ராசுன்னு வேலைக்குப் போயிட்டு நோம்பிக்கு, அதான் கோயில் திருவிழாவுக்கு, மட்டும் ஊருக்கு வர்ற ஆளா இருந்தா, லீவை கடைசி நாளுக்கு போடாம ஆரம்பிக்கற நாளுக்கு போடுங்க, அப்படி வர்றவங்களுக்குத்தான் இது.

மொதல்ல என்ன நடக்கப்போவுதுன்னு கேட்டுக்கோணும். ரெண்டு வகை இருக்குதுங்க. ஒண்ணு வேஷம் கட்டி மேடை போட்டு நடத்தற பொன்னர் சங்கர் நாடகம், லைட்டு, கிரீடம், வாளு எல்லாம் இருக்கும், கண்ணுக்கு நல்லாருக்கும். இன்னொண்ணு உடுக்கைப் பாட்டு. பாட்டுக்காரரு உடுக்கையை ஒரு கையில புடிச்சு இன்னொரு கையால அடிப்பாரு, பக்கத்துல ஒருத்தரு பின்பாட்டு, அவ்வளவுதான் செட்டு. புடிச்ச கை நடுவுல இருக்கற கயித்தை அமுக்க அமுக்க சத்தம் ஏறும், விட்டா எறங்கும், அந்த ஒரே சின்ன வாத்தியம் அழுகும், மெரட்டும், பன்னி மாதிரி உறுமக்கூட செய்யும். ரெண்டுல எதுக்குப் போறதுன்னு என்கிட்ட கேட்டா உடுக்கைப் பாட்டுக்குத்தான் சொல்லுவேன், நாடகத்தை இப்ப யூடியூப்லயே முழுசாப் போட்டுடறாங்க.

எப்ப, எங்கன்னு நெட்டுல தேடாதீங்க. தை முடிஞ்சு மாசி, பங்குனி, சித்திரைல நோம்பி சாட்டற ஊருகள்ல அண்ணமார் கோயில் பூசாரியைக் கேட்டா சொல்லிப்போடுவாரு, இல்லீனா ஊருக்குள்ள நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்க. மணப்பாறைக்கிட்ட இருக்கற வீரப்பூர்ல மாசித் திருவிழா நடக்கும், கதை முடியற எடமே அந்த வீரமலைப் பக்கந்தான், ஆனா மொத தடவை போறவங்களுக்கு அந்தக் கூட்டம் வேண்டாமுங்க, காங்கயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் ஏதாச்சும் சின்ன ஊரா பாத்துக்குங்க, சின்ன ஊர்லதான் பாட்டுக்காரரு மூஞ்சி தெரியற தூரத்துல உக்கார முடியும்.

நோட்டீஸ்ல எட்டு மணின்னு போட்டிருக்கும். எட்டுக்கு மைக் செட்டுக்காரர் ஹலோ ஹலோன்னு சொல்லிட்டு இருப்பாரு. பூசை முடிஞ்சு, ஊர்ப் பெரியவங்களுக்கெல்லாம் மரியாதை பண்ணி, பிள்ளையாருக்குப் பாடி கதைக்குள்ள எறங்கறதுக்கு பத்தோ அதுக்கு மேலயோ ஆயிரும். அதுக்குன்னு பத்து மணிக்குப் போனீங்கன்னா எடம் கெடைக்கும், பக்கத்துல கதை தெரிஞ்ச ஆளு கெடைக்காது. ஒன்பதுக்கே போயி ஒரு ஆத்தா பக்கத்துல பாயைப் போட்டுக்குங்க. "ஏனுங்காத்தா, இவரு யாருங்க?"ன்னு ஒரு கேள்வி கேட்டாப் போதும், பங்காளி ஆரு, மச்சாண்டாரு ஆருன்னு விடிய விடிய சொல்லுவாங்க. கொழாய் ஸ்பீக்கருக்கு நேரா மட்டும் உக்காராதீங்க, மறுநா காது அடைச்சுக்கும்.

கொண்டு போறதுன்னு பாத்தா கோரைப்பாய், கனமான போர்வை, குல்லா. மாசில பகல்ல வெயிலு கொளுத்தும், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பனி எறங்குச்சுன்னா அந்த வெட்டவெளில பல்லு கிட்டிக்கும், சென்னையில இருந்து வர்றவங்க இதை நம்பவே மாட்டாங்க. கொசுவுக்கு ஏதாச்சும் தடவிக்குங்க. சாப்பிட்டுட்டு வந்துருங்க, அங்க டீயும் பொரி கடலையும் கெடைக்கும், அதுக்கு மேல எதிர்பாக்க வேண்டாம். பொம்பளைங்க கூட வந்தா பாத்ரூமுக்கு யாரு வீட்டுக்குப் போறதுன்னு பொழுதோட விசாரிச்சு வெச்சுக்குங்க, நடு ராத்திரில இதுதான் பெரிய பாடு. திரும்பி வர டவுன் பஸ் இருக்காது, விடியாலதான் மொத பஸ்.

இப்ப கதைக்கு வாரேன். பொன்னரையும் சங்கரையும் மொத ராத்திரில பாக்க மாட்டீங்க, இதை மனசுல வெச்சுட்டு உக்காருங்க. அவங்க பொறக்கவே இல்ல. சில பாட்டுக்காரங்க தாத்தன் காலத்துல இருந்து புடிப்பாங்க, சில பேரு நேரா அப்பன் குன்னுடையாக் கவுண்டருகிட்ட வந்துருவாங்க, ஆளுக்கு ஆளு மாறும். ஆனா வம்சத்து மேல விழுந்த சாபம், கொழந்தையில்லாத வீடு, சொத்துக்காக வெரட்டற பங்காளிங்க, குன்னுடையார் சம்சாரம் தாமரை நாச்சியார் படற பாடு, இது எல்லாத்துலயும் வரும். தாமரை பொறந்த வீட்டுக்குப் போயி அவமானப்பட்டு நிக்கற எடம் வந்துச்சுன்னா முன்னாடி உக்காந்திருக்கற பொம்பளைங்களைப் பாருங்க, அங்கதான் இந்தக் கதை யாரு கதைன்னு தெரியும். பின்னால கொம்பன்ங்கற காட்டுப் பன்னி வேட்டை, மாயவர் (பெருமாள்) விட்ட அம்பு, சங்கர் தன் வாள் மேலயே விழறது, தங்கச்சி தங்காள் வீட்டைக் கொளுத்திப்போட்டு அண்ணன்களைத் தேடி காடு காடா அலையறது, அவ எழுப்புனதும் அண்ணன்க ஒரு வார்த்தை பேசிட்டு மறுக்கா செத்துப் போறது எல்லாம் வரும். இந்தப் புள்ளைங்களுக்காகப் பெத்தவங்க பட்ட பாட்டை மொத நாள் கேட்டவனுக்குத்தான் அது வலிக்கும்.

அண்ணமாரோட வேலைக்காரர் சாம்புவனையும் கவனிங்க. பாதிக் கதையை நகத்தறதே அவருதான், கவுண்டருக வாள் சுத்தறதுக்கு முன்னாடி எடுபுடி வேலை முச்சூடும் அவர் தலையிலதான், ஆனா கோயில்ல அவரு செலை எங்க நிக்குதுன்னு மறுநா போய்ப் பாத்துட்டு வாங்க. அதேமாதிரி அண்ணமாரை எதுத்து நிக்கற வேட்டுவத் தலைவன் தலையூர்க் காளியை வில்லன்னு சத்தமா கமெண்ட் அடிக்காதீங்க, வேட்டுவர் சனங்க பக்கம் கேட்டா கதையில நாயகனே வேற, பக்கத்துப் பாயில யாரு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

மொபைல் பத்தி ஒண்ணு. பாட்டைக் கொஞ்சம் பதிவு பண்ணிக்கறதுக்கு கேட்டா பாட்டுக்காரங்க பெரும்பாலும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. 1965லயே காங்கயத்துப் பக்கம் வந்து தங்கி பிரெண்டா பெக்குன்னு கனடா நாட்டு ஆராய்ச்சிக்கார அம்மா இந்தப் பாட்டை டேப்புல புடிச்சுருக்காங்க, அதுல இருந்துதான் பின்னாடி புஸ்தகமெல்லாம் வந்துச்சு. ஆனா யாருக்காச்சும் அருள் வந்துச்சுன்னா போனை உள்ள வெச்சுருங்க. உடுக்கை வேகம் ஏறும்போதே தெரியும், ஒருத்தரு ஒடம்பு உதற ஆரம்பிக்கும். தொடாதீங்க, தண்ணி தெளிக்கப் போகாதீங்க, பாயைச் சுருட்டிட்டு வழி விட்டு நின்னா போதும், மத்ததைப் பூசாரியும் பெரியவங்களும் பாத்துக்குவாங்க. அதை எடுத்து ஸ்டேட்டஸ் வெக்கறவனை ஊர்ல ஒருத்தனும் மன்னிக்க மாட்டான், எனக்கும் அதுல உடன்பாடுதான்.

நடுவுல நக்கலு நையாண்டி ஓடும், அப்ப ஒரு தூக்கம் போட்டா தப்பில்லீங்க, எல்லாரும் தூங்குவாங்க, உடுக்கை மாறுச்சுன்னா தானா முழிப்பு வந்துரும். காசு குடுக்கறதா இருந்தா பாட்டு ஒரு எடத்துல நிக்கும்போது போயி கையில குடுங்க, மைக்ல பேரு சொல்லுவாங்க, பேரு வேண்டாம்னா முன்னாடியே சொல்லிருங்க. பெருந்தொகைன்னு இல்ல, ஆனா விடிய விடிய தொண்டை கிழியப் பாடறவருக்கு பத்து ரூவா நீட்டறது நல்லாருக்காது.

எந்திரிச்சு வர்றதுக்கு முன்னாடி பின்பாட்டுக்காரரைப் புடிச்சு எந்தெந்த ராத்திரி எது வரும்னு கேட்டு வாங்கிக்குங்க. எல்லா நாளும் வர முடியாதவங்க புள்ளைங்க பொறக்கற ராத்திரியையும் பன்னி வேட்டையையும் விடாதீங்க, படுகளத்துக்கு வர்றதா இருந்தா மத்தியானமே வந்து யாரு வீட்டு வாசல்லயாவது வண்டியைப் போட்டுருங்க.