குவார்ட்டர்பேக்கின் உண்மையான விலை: என்எஃப்எல் அணிகள் செய்யும் தவறுகள்

என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்து லீக். அதில் பந்தை வாங்கி, வீசி, அணியின் தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். 2024இல் ரசல் வில்சன் என்ற குவார்ட்டர்பேக் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு ஆடினார். அந்த அணி அவருக்குக் கொடுத்த சம்பளம் 12.1 லட்சம் டாலர். அவ்வளவு ஆண்டு அனுபவம் உள்ள ஒருவருக்கு லீக் அனுமதிக்கும் ஆகக் குறைந்த தொகை அது. அதே ஆண்டில் அவருக்கு வேறொரு இடத்திலிருந்து கிட்டத்தட்ட 3.8 கோடி டாலர் வந்துகொண்டிருந்தது. கொடுத்தது டென்வர் பிராங்கோஸ், அதாவது மார்ச் மாதம் அவரை வீட்டுக்கு அனுப்பிய அணி. வில்சன் சாப்பிட்டது பிட்ஸ்பர்க் வீட்டில், மளிகைப் பாக்கியைக் கட்டியது டென்வர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போனால் கதை புரியும். 2022 மார்ச்சில் சியாட்டிலிடமிருந்து வில்சனை வாங்க டென்வர் இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் பிக், இரண்டு இரண்டாம் சுற்று பிக், மூன்று வீரர்கள் என்று அள்ளிக் கொடுத்தது. (டிராஃப்ட் என்பது அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுப்பது; பிக் என்பது அதில் ஒரு தேர்வு உரிமை.) சரி, நட்சத்திர வீரர், அது போகட்டும். அவருடைய பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மிச்சம் இருந்தன. டென்வர் சீருடையில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, அந்தச் செப்டம்பரில், மேலும் 5 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஒரு சீசன் பார்த்துவிட்டுப் போட்டிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், என்எஃப்எல்லில் 32 அணிகளுக்கும் ஒரே சம்பள வரம்பு. சேலரி கேப் என்பார்கள். 2024இல் 25.54 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி. முதலாளி எத்தனை பெரிய பணக்காரர் என்பது இங்கே செல்லாது. ஐபிஎல் ஏலத்தில் ஓர் அணியின் பர்ஸ் கரைவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இங்கே அந்தப் பர்ஸை வைத்து 53 பேரைக் கூட்ட வேண்டும். ஒருவரே ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் மற்ற 52 பேருக்கு என்ன மிஞ்சும்? இவர் எவ்வளவு நல்ல குவார்ட்டர்பேக் என்பதை எல்லா அணிகளும் மண்டையை உடைத்துக்கொண்டு அலசுகின்றன. இவரை வைத்துக்கொண்ட பிறகு கையில் என்ன இருக்கும் என்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள்.

‘இடம் உருவாக்கினோம்’ என்ற கணக்கு

ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு செய்தி வரும்: இன்ன அணி ஒப்பந்தத்தை மாற்றி எழுதி கேப்பில் 2 கோடி டாலர் இடம் உருவாக்கியது. ரசிகர்கள் கைதட்டுவார்கள். உண்மையில் எதுவும் உருவாகவில்லை. அடுத்த வருடத்துச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இந்த வருடத்துப் பையில் போட்டிருக்கிறார்கள்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆண்டு ஒப்பந்தம், கையெழுத்து போனஸ் 5 கோடி டாலர். பணம் வீரரின் கைக்கு உடனே போய்விடும். கேப் கணக்கில் மட்டும் ஆண்டுக்கு 1 கோடி என்று பிரித்து எழுதலாம். அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரிக்கலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் சரிப்படவில்லை என்று அனுப்பினால், எழுதப்படாத 3 கோடியும் மொத்தமாக உங்கள் தலையில் விழும். ஜூன் 1க்குப் பிறகு அனுப்பியதாகக் கணக்குக் காட்டினால் இந்த ஆண்டு 1 கோடி, அடுத்த ஆண்டு 2 கோடி. ஆள் இல்லை, பணம் மட்டும் கணக்கில் உட்கார்ந்திருக்கும். இதற்குப் பெயர் டெட் மணி. வில்சன் விஷயத்தில் டென்வருக்கு விழுந்தது இரண்டு ஆண்டுகளில் 8.5 கோடி டாலர். அதுவரை எந்த அணிக்கும் ஒரு வீரரால் அவ்வளவு விழுந்ததில்லை.

தள்ளிப்போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வரம்பு ஏறிக்கொண்டே போகிறது. 2011இல் அது 12 கோடி டாலர்தான். இன்றைய கடன் நாளைக்குச் சின்னதாகத் தெரியும். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இதைத் தெரிந்தே, அழகாகச் செய்கிறது. ஆனால் அந்த வீரர் கண்டிப்பாக இருப்பார், ஆடுவார் என்ற நம்பிக்கை வேண்டும். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் 2022இல் டிஷான் வாட்சனுக்கு மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்து, 5 ஆண்டுகளுக்கு 23 கோடி டாலரை முழுவதும் உத்தரவாதமாக எழுதியது. ஒழுங்கு நடவடிக்கைத் தடை, தோள் காயம், குதிகால் தசைநாண் காயம் என்று முதல் மூன்று சீசன்களில் அவர் ஆடியது 19 ஆட்டங்கள். பிரவுன்ஸ் அந்த ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதிப் பாரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனது.

டென்வர் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். போட்ட பணத்தை நினைத்து இன்னொரு வருடம் பார்க்கலாம் என்று இழுக்காமல், நஷ்டத்தை விழுங்கிவிட்டு, 2024 டிராஃப்டில் 12ஆவது பிக்கில் போ நிக்ஸை எடுத்தது. அந்த சீசனில் 10 வெற்றி, 7 தோல்வி. சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை வென்ற 2015 சீசனுக்குப் பிறகு முதல் முறையாக பிளேஆஃப் போனார்கள், அதுவும் அத்தனை டெட் மணியைச் சுமந்துகொண்டு. புதுமுகத்தின் சம்பளம் குறைவு என்பதுதான் சூட்சுமம். 2010இல் முதல் பிக்காக வந்த சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். 2011இல் புதுமுகங்களுக்குச் சம்பள அட்டவணை வந்தது. அந்த ஆண்டின் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி. அன்றிலிருந்து இந்த லீக்கில் ஆகப் பெரிய சலுகை விலை என்பது நன்றாக ஆடும் இளம் குவார்ட்டர்பேக்தான்.

சுமாரானவருக்குச் சூரர் விலை

மோசமான குவார்ட்டர்பேக்கால் அணி அவ்வளவாகக் கெடுவதில்லை. ஒரே வருடத்தில் தெரிந்துவிடும், மாற்றிவிடுவார்கள். கெடுப்பவர் சுமாரானவர்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் 2022இல் பிளேஆஃபில் ஓர் ஆட்டம் வென்றது. அந்த அணியின் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸ் அந்த சீசனில் வீசிய டச்டவுன்கள் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது) 15. தவறு குறைவாகச் செய்தார், ஓடினார், சமாளித்தார். 2023 மார்ச்சில் அவருக்கு 4 ஆண்டுக்கு 16 கோடி டாலர். ரன்னிங் பேக், அதாவது பந்தோடு ஓடுபவர், சக்வான் பார்க்லிக்கு நீண்ட ஒப்பந்தம் இல்லை, ஓராண்டு ஃப்ராஞ்சைஸ் டேக். ஒப்பந்தம் முடிந்தவரை அணி இன்னும் ஓராண்டு நிறுத்திவைத்துக்கொள்ளும் உரிமை அது. ஒரு வருடம் கழித்து பார்க்லி அதே பிரிவில் இருக்கும் ஈகிள்ஸுக்குப் போனார், 2,005 கெஜம் ஓடினார், சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கினார். 2024 நவம்பரில் ஜயன்ட்ஸ் ஜோன்ஸை விடுவித்தது. ரன்னிங் பேக்குக்குக் கொட்டிக் கொடுக்கக் கூடாது என்பது பொதுவாக நல்ல விதிதான். ஆனால் அந்த விதியால் மிச்சமான பணத்தை எங்கே போட்டார்கள் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர், நிஜமாகவே நல்லவர் என்று தெரிந்தும் தாமதிப்பது. டாக் பிரெஸ்காட் விஷயத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் 2019இல் பேசி முடிக்கவில்லை. 2020இல் டேக் போட்டது. 2021இல் 4 ஆண்டுக்கு 16 கோடி டாலர் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தில் மறுபடி டேக் போட முடியாது என்ற நிபந்தனையையும் பிரெஸ்காட் வாங்கிவிட்டார். அடுத்த முறை பிடி முழுக்க அவர் கையில். 2024 சீசனில் டல்லாஸின் முதல் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரத்துக்கு முன்பு கையெழுத்தானது: 4 ஆண்டு, 24 கோடி, ஆண்டுக்கு 6 கோடி டாலர், லீக்கிலேயே அதிகம். குவார்ட்டர்பேக் சந்தையில் கடைசியாகக் கையெழுத்துப் போடுகிறவரே விலையை ஏற்றுகிறார். வரிசையில் முன்னால் நின்று வாங்குவதே லாபம்.

இன்னொரு குழப்பம்: ஆளையும் அவர் இருக்கும் இடத்தையும் பிரித்துப் பார்க்காமல் இருப்பது. குவார்ட்டர்பேக் சாம் டார்னல்ட் 2018 டிராஃப்டில் நியூயார்க் ஜெட்ஸ் மூன்றாவது பிக்கில் எடுத்தவர். அங்கே சரிவரவில்லை, கரோலினாவிலும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் பெரும்பாலும் பெஞ்ச். 2024இல் மினசோட்டா ஓராண்டுக்கு 1 கோடி டாலருக்கு எடுத்தது. ஜஸ்டின் ஜெஃபர்சன் போன்ற ரிசீவரும் (வீசும் பந்தைப் பிடிப்பவர்), குவார்ட்டர்பேக்கின் மனசு தெரிந்த கெவின் ஓகானல் என்ற பயிற்சியாளரும் கிடைத்ததும் 35 டச்டவுன், 14 வெற்றி. அடுத்த ஆண்டு சியாட்டில் 3 ஆண்டுக்கு 10.05 கோடி டாலர் கொடுத்தது. முதல் அணி அவரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததா, தப்பாக வளர்த்ததா? நான் இரண்டாவது கட்சி.

மீதி 52 பேர்

ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை மார்ச்சில் திறக்கும் முதல் இரண்டு நாட்களில் கொடுக்கப்படும் விலைகளில் பாதி அவசரத்துக்குக் கொடுக்கப்படுபவை. பொறுமையான அணிகளுக்கு வேறு ஓர் ஆதாயமும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து வெளியே போகிறவர்கள் அதிகமாகவும் அப்படி உள்ளே வருகிறவர்கள் குறைவாகவும் இருந்தால், அடுத்த டிராஃப்டில் லீக் ஈட்டு பிக் தரும். வேறு அணி நீக்கிய வீரரை எடுத்தால் அது இந்தக் கணக்கில் சேராது. பால்டிமோர் ரேவன்ஸ் பல வருடங்களாக இதை ஒரு சிறு வியாபாரமாகவே நடத்துகிறது.

மாற்று குவார்ட்டர்பேக்கைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 2023 செப்டம்பரில் ஜெட்ஸுக்கு வந்த ஏரன் ராட்ஜர்ஸ் நாலே நாலு ஸ்னாப்பில், அதாவது பந்தை நாலு முறை ஆட்டத்துக்கு எடுத்ததுமே, குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். 2017இல் ஈகிள்ஸின் கார்சன் வென்ட்ஸுக்கு டிசம்பரில் முழங்கால் போனது. மாற்று ஆட்டக்காரர் நிக் ஃபோல்ஸ் சூப்பர் பௌல் வென்று கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும்.

நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புவது முன்வரிசையைப் பற்றி, அதாவது குவார்ட்டர்பேக்கின் முன்னால் நின்று அவரைக் காக்கும் ஐந்து பேரைப் பற்றி. 2021 பிப்ரவரி 7, கான்சஸ் சிட்டிக்கும் டாம்பா பேவுக்கும் சூப்பர் பௌல். கான்சஸ் சிட்டி முன்வரிசையின் இரு முனைகளிலும் வழக்கமாக நிற்கும் டேக்கிள்கள் இருவரும் காயத்தில் வெளியே. அதன் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பந்தை வாங்கியதும் பின்னால் ஓடுகிறார், பக்கவாட்டில் ஓடுகிறார், வீசுவதற்கு நிற்கவே இடமில்லை. நான்காம் கால் பகுதியில் ஒரு நான்காவது டவுன், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி. காலைப் பிடித்து இழுக்க, உடம்பு தரைக்கு இணையாகக் காற்றில் கிடக்க, அந்த நிலையிலேயே பந்தை வீசினார். அது போய்ச் சேர்ந்தது டேரல் வில்லியம்ஸின் முகக்கவசத்தில். பட்டுக் கீழே விழுந்தது. அந்த ஆட்டத்தில் 10 ஆண்டு, 45 கோடி டாலர் ஒப்பந்தக்காரரால் ஒரு டச்டவுன்கூட எடுக்க முடியவில்லை. தோல்வி, 31-9.

அடுத்த சில மாதங்களில் அந்த அணி செய்ததுதான் பாடம். இரண்டு டேக்கிள்களையும் விடுவித்தார்கள். கார்ட் ஜோ தூனிக்கு 5 ஆண்டுக்கு 8 கோடி டாலர். முதல் சுற்று பிக்கைக் கொடுத்து ஆர்லாண்டோ பிரவுன். டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி. ஆறாம் சுற்றில், நுரையீரலில் ரத்தக்கட்டு வந்தவர் என்று மற்றவர்கள் தயங்கிய டிரே ஸ்மித். செப்டம்பரில் முன்வரிசையில் களமிறங்கிய ஐந்து பேரும் புதியவர்கள். அவர்களில் ஹம்ஃப்ரியும் ஸ்மித்தும் புதுமுகச் சம்பளத்தில். விலை உயர்ந்த ஒருவரைக் காக்க விலை குறைந்த பலர் வேண்டும், அவர்கள் டிராஃப்டில்தான் கிடைப்பார்கள். பிக்குகளை வாரி இறைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வாரி இறைத்தது சான் பிரான்சிஸ்கோ. அதே 2021 மார்ச்சில், டிராஃப்டில் 12ஆவது இடத்திலிருந்து 3க்கு ஏற மயாமிக்கு மேலும் இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகளையும் ஒரு மூன்றாம் சுற்று பிக்கையும் கொடுத்தது. எடுத்தது டிரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை. அந்த அணிக்கு அவர் தொடக்கத்திலிருந்து ஆடியது 4 ஆட்டங்கள். பிறகு ஒரு நான்காம் சுற்று பிக்குக்கு டல்லாஸுக்குப் போனார். வேடிக்கை என்னவென்றால், 2022 டிராஃப்டின் கடைசிப் பெயராக, 262ஆவது பிக்கில், அதே அணி சும்மா எடுத்துப்போட்ட பிராக் பர்டிதான் அணியைத் தூக்கி நிறுத்தினார். 2023இல் அவர் சம்பளம் 8.7 லட்சம் டாலர். அந்த மிச்சத்தில்தான் நிக் போசா போன்றவர்களுக்குக் கொடுக்க முடிந்தது. 2025இல் பர்டிக்கு 5 ஆண்டுக்கு 26.5 கோடி டாலர் எழுதினார்கள். அதற்கு முன்பே, அந்த மார்ச்சில், டீபோ சாமுவேல், ட்ரே கிரீன்லா, சார்வேரியஸ் வார்ட், ஹுஃபாங்கா என்று ஒவ்வொருவராக மூட்டை கட்டியிருந்தார்கள்.

லான்ஸுக்காகக் கொடுத்த பிக்குகளில் ஒன்றின் பயணத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. சான் பிரான்சிஸ்கோவின் 2022 முதல் சுற்று பிக், 29ஆவது இடம், மயாமிக்குப் போனது. மயாமி அதையும் இன்னும் நான்கு பிக்குகளையும் கான்சஸ் சிட்டிக்குக் கொடுத்து டைரீக் ஹில்லை வாங்கியது. கான்சஸ் சிட்டி அந்த 29உடன் வேறு இரண்டு பிக்குகளைச் சேர்த்து நியூ இங்கிலாந்திடம் கொடுத்து 21க்கு ஏறி, டிரென்ட் மெக்டஃபி என்ற கார்னர்பேக்கை (எதிரணி ரிசீவர்களைத் தடுப்பவர்) எடுத்தது.

2024 பிப்ரவரி 11, லாஸ் வேகஸ் சூப்பர் பௌல். கான்சஸ் சிட்டியும் சான் பிரான்சிஸ்கோவும் 16-16 சமம், இரண்டு நிமிடம் பாக்கி. மூன்றாவது டவுன், பர்டிக்கு வேண்டியது ஐந்து கெஜம். கிடைத்தால் கடிகாரத்தைக் கரைத்துவிட்டு ஆட்டத்தை முடித்துவிடலாம். விளிம்பிலிருந்து யாரும் தடுக்காமல் ஒருவர் பாய்ந்து வந்து, பர்டியின் கையிலிருந்து கிளம்பிய பந்தைத் தட்டிவிட்டார். மெக்டஃபி. சான் பிரான்சிஸ்கோ மூன்று புள்ளி தரும் ஒரு ஃபீல்ட் கோலோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. கான்சஸ் சிட்டி சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 25-22 என்று முடித்தது.