கோலாலம்பூர் வெயிலுக்குப் பழங்காலத்து இளஞ்சிவப்புக் கொடி ரோஜா: அடையாளம் கண்டு வாங்கும் முறை

நர்சரியில் கொடி ரோஜா தேடும்போது கண் முதலில் பூவுக்குத்தான் போகும். கோலாலம்பூரில் தோட்டம் போடுகிறவருக்கு அது போதாது. நாம் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிறோம். பகலில் 32, 33 டிகிரி வெயில். இரவில்கூட 23, 24 டிகிரிக்கு அருகில்தான் நிற்கும். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஐரோப்பியப் பழைய ரோஜாக்களில் பல, குளிர்காலம் ஒன்று வந்து போனால்தான் மொட்டு வைக்கும். அவற்றை இங்கே நட்டால் வேலி முழுக்கப் படரும், பூ மட்டும் வராது. அதனால் இலையும் தண்டும் சொல்வதைக் கேட்டு வாங்கப் பழகுங்கள். ஆரம்பிக்கிறவர்களும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

படி 1: வம்சத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரோஜாப் பிரியர்கள் 1867ஐ எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு வந்த 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவுக்கு முன்பே இருந்த வகுப்புகள் 'பழையவை'. அதற்குப் பிறகு பிறந்தாலும் பழைய சாயலோடு இருக்கும் கொடிகள் நிறைய உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு இந்த ஆண்டுக் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நமக்கு வேண்டிய கேள்வி வேறு: இது வருடம் முழுக்கப் பூக்கும் வம்சமா, ஒரே தடவை பூக்கும் வம்சமா?

திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் பெரும்பாலும் சீன ரோஜாவிடமிருந்தும் அதன் உறவான டீ ரோஜாவிடமிருந்தும் வந்தது. 'ஓல்ட் பிளஷ்' என்ற இளஞ்சிவப்புச் சீன ரோஜா 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. அது மடகாஸ்கருக்குப் பக்கத்தில் உள்ள ரியூனியன் தீவில் டமாஸ்க் என்ற பழைய வாசனை ரோஜாவோடு கலந்து உருவானதுதான் போர்பன் வகுப்பு. தமிழ்நாட்டில் எட்வர்ட் ரோஸ் என்று பயிரிடுவது இந்தப் போர்பன் வழி வந்தது. வெயில் நாட்டுக்குச் சீன, டீ, போர்பன் என்ற இந்த மூன்று வம்சங்களும் முதல் தேர்வு.

படி 2: இலையின் அடியைப் பாருங்கள்

செடியில் முற்றிய இலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காம்பு தண்டோடு சேரும் இடத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டு வாருங்கள். இரு பக்கமும் பச்சையாக, மெல்லிய சிறகு மாதிரி ஒரு விளிம்பு ஓடும். இதை இலையடிச் செதில் என்பார்கள். அந்த விளிம்பு சீப்பின் பற்களைப் போலக் கிழிந்து கிழிந்து இருந்தால், செடியில் மல்டிஃபுளோரா என்ற காட்டு ரோஜாவின் இரத்தம் இருக்கிறது. விளிம்பு வழவழவென்று இருந்தால் சீன, டீ வம்சமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மல்டிஃபுளோராவை ஒட்டுக்கு அடிச்செடியாகவும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே வாங்கும் செடியின் ஒட்டுமுடிச்சுக்கு (ஒட்டிய இடத்தில் தெரியும் புடைப்பு) கீழே இருந்து ஒரு நீளமான தளிர் கிளம்பி, அதில் ஒரு காம்புக்கு ஏழு சிற்றிலையும் கிழிந்த செதிலும் தெரிந்தால், அது உங்கள் ரோஜா அல்ல. வேகமாக ஓடுவதைப் பார்த்து, நல்ல கொடி என்று பலர் அதையே வளர்த்துவிடுகிறார்கள். கடைசியில் ஒட்டிய செடி நலிந்து போகும்.

அடுத்து சிற்றிலைகள். மூன்று முதல் ஐந்து, கூர்மையான நுனி, வழவழப்பு, தண்டில் முள் குறைவு என்றால் சீன ரோஜா. அகன்று உருண்டை வாட்டமாக இருந்தால் போர்பன். மங்கிய பச்சையில், தொட்டால் மென்மையாக, தண்டில் பெரிய முள்ளும் ஊசி முள்ளும் கலந்து இருந்தால் டமாஸ்க். சிறிய இலைகள், எண்ணெய் பூசிய மினுமினுப்பு என்றால் விச்சுராயானா என்ற காட்டு ரோஜாவின் வம்சம். அதில் ஒரே தடவை பூக்கும் கொடிகள் நிறைய.

படி 3: பிறகு பூ

பூவை வைத்து மட்டும் பெயரை முடிவு செய்ய முடியாது என்பதற்கு நல்ல உதாரணம் 'நியூ டான்'. 1930இல் அறிமுகமாகி, 1931இல் அமெரிக்காவின் முதல் தாவரக் காப்புரிமை பெற்ற வெளிர் இளஞ்சிவப்புக் கொடி அது. 'டாக்டர் வான் ஃப்ளீட்' என்ற கொடியில் தானாக ஏற்பட்ட மாற்றத்தில் பிறந்தது. இரண்டின் பூவும் ஒன்றுபோலவே இருக்கும். 'நியூ டான்' மறுபடி மறுபடி பூக்கும், மற்றது ஒரு தடவையோடு சரி.

இருந்தாலும் பூவில் ஒரு நம்பகமான அடையாளம் உண்டு. இன்று விரிந்த பூவையும் மூன்று நாள் ஆன பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுவாக ரோஜா வெயிலில் வெளிறும். சீன ரோஜா வெயில் பட்டால் நிறம் கூடும். 'ஓல்ட் பிளஷ்' செடியில் இளம் பூ வெளிர் நிறத்திலும் பழைய பூ அழுத்தமான நிறத்திலும் ஒரே கொத்தில் நிற்பதைப் பார்க்கலாம்.

வாசனையைக் காலையில் பாருங்கள். மதிய வெயிலில் நல்ல பன்னீர் ரோஜாகூட மணக்காது.

படி 4: எதை எடுப்பது?

முதல் கொடிக்கு என் பரிந்துரை கொடி 'ஓல்ட் பிளஷ்'. இதழ்கள் நெருக்கமில்லாமல் இருப்பதால் மழையில் நனைந்தாலும் விரியும். கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அடுத்து 'செசில் புருன்னர்'. விரல் நுனி அளவு மொட்டு, வெளிர் இளஞ்சிவப்பு, கொத்துக் கொத்தாக. குத்துச்செடி 1881இலும், அதன் கொடி வடிவம் 1894இலும் வந்தன. கொடி வடிவம் நன்றாகப் பெரிதாகும். வரிசை வீட்டின் முன்வேலிக்கு அதிகம். மூலை வீடு, பங்களா என்றால் சரி.

'ஸெஃபிரின் ட்ரூஹின்' 1868இல் பிரான்சில் வந்த போர்பன். முள்ளே கிடையாது, அடர் இளஞ்சிவப்பு, அருமையான மணம். குழந்தைகள் ஓடும் நடைபாதைக்கு எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் கரும்புள்ளி நோய்க்கு மிக எளிதில் இரையாகும். கோலாலம்பூர் மழைக்கு இதை ஆரம்பிக்கிறவர்களிடம் கொடுக்க எனக்கு மனசு வராது. பினாங்குக் கொடிமலையில் வீடு இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

'சூவெனிர் த லா மல்மேசோன்' 1843ஆம் ஆண்டுப் போர்பன். வறண்ட நாட்களில் அதன் அழகுக்கு ஈடில்லை. இதழ்கள் அடர்த்தி என்பதால் தொடர் மழையில் மொட்டு விரியாமலேயே பழுப்பாகி அழுகும். நம் அக்டோபர், நவம்பர் மழையை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். 1901இல் வந்த 'டோரதி பெர்கின்ஸ்' படத்தில் கண்ணைப் பறிக்கும். ஒரே தடவை பூக்கும் வகை, சாம்பல் நோயும் வரும். இங்கே வேண்டாம்.

படி 5: நர்சரியில்

சுங்கை பூலோவுக்கு ஒரு காலை நேரம் போங்கள். 1930இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் உழைத்து வளர்த்த பூச்செடித் தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. மலாயில் 'ரோஸ் பாஞ்சாட்' (கொடி ரோஜா) என்று கேட்டால் காட்டுவார்கள். பெயர்ச்சீட்டு பெரும்பாலும் இருக்காது. அதற்குத்தான் மேலே சொன்ன இலைப் பாடம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தச் செடி கேமரன் மலையிலிருந்து எப்போது இறங்கியது?" என்பது. 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் பூத்த செடி, இறங்கிய சில வாரங்களில் இலையைக் கொட்டுவது வழக்கம். பூ நிறைந்த புதுச் செடியை விட்டுவிட்டு, இங்கேயே ஒரு மாதம் நின்று புதுத் தளிர் விட்ட செடியை எடுங்கள், பூவே இல்லாவிட்டாலும். இணையத்தில் விற்கும் 'கொடி ரோஜா விதை' பக்கம் போகாதீர்கள். விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது.

படி 6: நட்டு, சாய்த்துக் கட்டுங்கள்

காலை வெயில் ஆறு மணி நேரம் விழும் கிழக்குப் பக்கம் நல்லது. மேற்குச் சுவர் மாலை முழுக்கச் சூட்டைக் கக்கும். தொட்டி என்றால் 40 லிட்டருக்குக் குறையக் கூடாது. களிமண்ணில் மக்கிய உரமும் கரியாக்கிய உமியும் தாராளமாகக் கலந்து வடிகால் செய்யுங்கள். பந்தல் கம்பி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். காற்று புகுந்து இலை சீக்கிரம் காய வேண்டும். ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஈரமாகவே இருக்கும் இலையில்தான் கரும்புள்ளி பிடிக்கும். அதனால் தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலையைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல.

தண்டு இடுப்பளவு வந்ததும் மெல்ல வளைத்து, படுக்கை வாட்டத்தில் கட்டுங்கள். பழைய வேட்டித் துணிக் கிழிசல் போதும், தண்டை அறுக்காது. நேரே விட்டால் நுனியில் மட்டும் பூக்கும். சாய்த்துக் கட்டினால் சில வாரங்களில் ஒவ்வொரு கணுவிலும் சிவப்பாக ஒரு முளை புடைத்து வரும். ஒவ்வொன்றும் ஒரு பூங்கிளை.

முதல் இரண்டு ஆண்டு முதன்மைத் தண்டில் கத்தரி வைக்காதீர்கள். குத்துச்செடியிலிருந்து பிறந்த கொடிகளை ஆழமாக வெட்டினால் மறுபடி குத்துச்செடியாகவே திரும்பிவிடக்கூடும். பூத்து முடிந்த பக்கக் கிளையை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு நறுக்கி, ஒரு கைப்பிடி மக்கிய உரம் போடுங்கள். சீன வம்சமாக இருந்தால் ஆறேழு வாரத்தில் அடுத்த மொட்டு வந்துவிடும்.