எம்பிராய்டரி ஃபிலிம் கழிவு: கரைந்தால் போதுமா?

தேங்காய்ப்பூத் துண்டில் பெயர் தைக்கும்போது, நூல் துணிக்குள் புதைந்துவிடாமல் இருப்பதற்காக மேலே நீரில் கரையும் ஃபிலிமை விரிக்கிறோம். தைத்து முடித்ததும் சுற்றியுள்ளதைக் கிழித்தெடுத்து, எஞ்சியதை நீரில் அலசுகிறோம். அது பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பிளாஸ்டிக். என்னிடம் தொழில் பழக வருபவர்கள், கிழித்த துண்டுகளை அப்புறப்படுத்துவதில் நான் ஒரு காலத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். ஈரக்கையால் ஃபிலிமைத் தொடுவது போன்றவற்றை அவர்கள் முதல் நாளே தாமாக உணர்ந்துவிடுவதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

சிங்க்கில் கொட்டிக் குழாயைத் திறப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். துண்டுகள் கையளவு கசங்கிக் கிடக்கும்போது நீர் பட்டால், வெளிப்புறம் உடனே ஊதிக் கூழாகி, உள்ளே நீர் புகாதபடி மூடிக்கொள்கிறது. அந்தக் கட்டி சிங்க்குக்கு அடியிலுள்ள வளைகுழாயில் போய்த் தங்கிவிடுகிறது. நான் ஒரு வாரக் கழிவை இப்படிக் கொட்டினேன். அதே குழாயில் கரப்பான் பூச்சிக்காகப் போரிக் பவுடர் தூவியிருந்ததோடு, சோப்பு நீரும் சேர்ந்தது. காரத்தன்மையுள்ள நீரில் போரிக் பவுடரிலிருந்து உருவாகும் போரேட், இந்த பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து ரப்பர் போன்ற பிசினாக்கிவிடும். குழந்தைகள் விளையாடும் 'ஸ்லைம்' உருவாவதும் இப்படித்தான். குழாயை அறுத்து மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வாரக் கூலி முழுவதும் அதற்கே போனது.

எல்லா ஃபிலிமும் ஒன்று என்று நினைப்பது

பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், ஏறத்தாழ 88 சதவீதம் நீராற்பகுப்பு (தயாரிப்பின்போது செய்யும் ஒரு வேதிமாற்றம்) செய்யப்பட்ட வகை குளிர்ந்த நீரிலேயே கரையும். 98 சதவீதத்தைத் தாண்டிய வகைக்கு நல்ல சுடுநீர் வேண்டும். புதிய சுருள் வந்ததும் நகமளவு துண்டை நீரில் இட்டுப் பாருங்கள்.

பாலித்தீனோடு சேர்ப்பது

பழைய பிளாஸ்டிக் வாங்குபவரின் மூட்டையையே கெடுக்கும்.

எரிப்பது

கூடாது.

கரைந்தது ஒழிந்தது என்று எண்ணுவது

கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் அந்தச் சங்கிலிகள் நீரில்தான் இருக்கின்றன. அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் சில உண்டு. ஆனால் அவை இந்தப் பொருளுக்குப் பழகிய சுத்திகரிப்பு நிலையச் சேற்றில் வேலை செய்வதுபோல், தெருச் சாக்கடையிலோ ஏரியிலோ செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. நூலுக்குக் கஞ்சியாக இதே பொருளைப் பூசும் ஆலைகளின் கழிவுநீரிலும் இது ஒரு சுமைதான்.

ஆகவே, முதலில் கழிவைக் குறையுங்கள். பெரிய துண்டுகளின் ஓரத்தை லேசாக நனைத்து ஒட்டினால் அவை மறுபடி பயன்படும். குளிர்நீரில் கரையும் வகையின் சிறு துண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சேர்த்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நீரிலிட்டுக் கலக்கினால் பசை கிடைக்கும். அதை மெல்லிய துணியில் தூரிகையால் தடவிக் காயவிட்டால், தைக்கும்போது துணி விறைப்பாக நிற்கும். மிஞ்சும் பசையை அகலத் தட்டில் ஊற்றி வெயிலில் உலர்த்துங்கள். காய்ந்து உரியும் தகட்டை மறுசுழற்சிக்கு உதவாத உலர் குப்பையில் சேர்க்கலாம்.