கிஃப்டட் புரோகிராம் விண்ணப்பம்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

கிஃப்டட் புரோகிராம் என்பது திறன் மிக்க பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பள்ளிகள் நடத்தும் சிறப்பு வகுப்பு. இந்த வருடமும் தெரிந்தவர்கள் சிலர் அதற்கான பிள்ளையின் விண்ணப்பக் கோப்பைக் கொண்டுவந்து "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார்கள். பார்த்தேன். என் மூத்தவளுக்கு நான் தயாரித்த அதே கோப்பு, பெயர்தான் வேறு. கடைசித் தேதியை மறப்பது, கையெழுத்தை விடுவது பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு வருகிறேன்.

பெர்சன்டைலை மார்க் என்று நினைப்பது

"96 வாங்கியும் எடுக்கவில்லையே!" 96-வது பெர்சன்டைல் என்றால், ஒப்பிட்ட பிள்ளைகளில் சுமார் 96 சதவீதம் பேரைவிட மேலே என்று பொருள். யாரோடு ஒப்பிட்டார்கள், அதே வயதோடா, அதே வகுப்போடா? கேளுங்கள், எண் மாறும். இதற்காகப் பல பள்ளிகள் வைக்கும், யோசிக்கும் திறனை அளக்கும் காக்அட் (CogAT) தேர்வில் சொல், எண், உருவம் என 3 பிரிவுகள். மொத்தத்தைப் பார்ப்பார்களா, ஒரு பிரிவில் உயர்ந்தால் போதுமா என்பது பள்ளிக்குப் பள்ளி வேறு.

பயிற்சிப் புத்தகங்களை அடுக்குவது

கேள்வியின் வடிவம் பழக ஒன்று போதும்.

பிள்ளையின் வேலையைப் பளபளப்பாக்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேலேயே.

பல பள்ளிகள் மதிப்பெண்ணோடு ஆசிரியரின் மதிப்பீட்டையும், பிள்ளை செய்த வேலைகளின் மாதிரிகளையும் கேட்கும். மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நான் அனுப்பியது சூரியக் குடும்பம் சார்ட். தலைப்பு நான் எழுதியது, வட்டங்கள் நான் போட்டவை. அவள் வண்ணம் அடித்தாள். கோட்டைத் தாண்டியதையும் நானே சரிசெய்தேன். இடம் கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து இழுப்பறையில் ஒரு கசங்கிய தாள். வகுத்தல் வீட்டுப்பாடத்தின் பின்பக்கம் எழுதியிருந்தாள்: "12 பென்சில 0 பேருக்குக் குடுத்தா ஆளுக்கு எத்தன? ஆளே இல்லியே, அப்ப ஆளுக்குன்னு எப்டிக் கேக்கறது?" கீழே 12 கோடுகள், ஒரு காலி வட்டம், இரண்டு அடித்தல். பூஜ்யத்தால் ஏன் வகுக்க முடியாது என்பதை யாரும் சொல்லாமலே தொட்டிருக்கிறாள். கோப்பு தயாரித்த அன்று இதே தாள் என் கையில் பட்டது. அழுக்காக இருக்கிறதே என்று ஒதுக்கிவைத்தவள் நான்தான்.

கோப்பைப் படிப்பவர்கள் அந்த வயதுக் கையெழுத்தைத் தினமும் பார்க்கும் ஆசிரியர்கள். பெரியவர் கை பட்டது சட்டென்று தெரிந்துவிடும். பிள்ளை எங்கே தடுமாறியது, எப்படித் திரும்பி யோசித்தது என்பதைத்தான் தேடுகிறார்கள். அந்த அடித்தலில்தான் அது இருக்கிறது. தாளை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். தேதியும், எந்தச் சமயத்தில் எழுதியது என்று ஒரு வரியும் போதும். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து டைப் அடிக்கிறார்கள்!

அவசரத்தில் தனியார் ஐக்யூ தேர்வு

இடம் கிடைக்காதபோது செய்யும் மேல்முறையீட்டுக்கு, விஸ்க் (WISC) என்ற பிள்ளைகளுக்கான ஐக்யூ தேர்வின் முடிவை ஏற்கும் பள்ளிகள் உண்டு. அதில் சராசரி 100. 130 என்றால் மேலே இருக்கும் சுமார் 2 சதவீதம் பேருக்குள். சளியும் தூக்கக் கலக்கமுமாக இருக்கும் பிள்ளையை, பணம் கட்டியாயிற்று என்று உட்காரவைக்காதீர்கள். கேள்விகள் பழகிவிட்டால் மதிப்பெண் கூடும் என்பதால், மறுபடி எடுக்கப் பொதுவாக ஒரு வருடமாவது பொறுக்கச் சொல்வார்கள். மேல்முறையீட்டுத் தேதி அதற்குள் போய்விடும்.

பிள்ளை காதுபட மதிப்பெண் பேசுவது

வேண்டாம்.