ரெயின்போ போவா வளர்ப்பு: கூண்டு அமைப்பதில் நேரும் தவறுகள்

ரெயின்போ போவா பாம்பு நோயில் விழுந்தால் காரணம் பெரும்பாலும் கூண்டில்தான் இருக்கும். வழக்கமாக நடப்பது இது: சூட்டைக் கூட்டிவிடுகிறார்கள், காற்று வறண்டுபோகிறது, அதைச் சரிசெய்யத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்புக்குச் சொன்ன அளவுகளை அப்படியே இதற்கும் வைப்பதால் வரும் வினை. பிரேசிலியன் ரெயின்போ போவா அமேசான் படுகையின் ஈரக்காடுகளில், மர நிழலில், இரவில் நடமாடும் பாம்பு. சுள்ளென்ற வெயில் அதன் வாழ்க்கையில் குறைவு.

சூடான பக்கம் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 24. இரவில் 21 வரை இறங்கினால் பாதகமில்லை. 32 டிகிரியைத் தாண்டி நீடித்தால் உயிருக்கே ஆபத்து. அறையே 26, 27 டிகிரியில் இருந்தால் ஹீட்டர் ஏறக்குறைய வேலையில்லாமல் கிடக்கும், கிடக்கட்டும். அறை 30-ஐத் தாண்டினால் கூண்டுக்குள் என்ன செய்தும் பயனில்லை, அறையைத்தான் குளிர்விக்க வேண்டும்.

சூடு கூடினால் ஈரம் ஏன் போகிறது? சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். 22 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை, புதிதாக நீர் சேராமல் 30 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வளர்ந்த பாம்புக்கு 70 முதல் 80 சதவீதம் வேண்டும். குட்டிக்கு 85 முதல் 90. எனவே ஈரப்பத மீட்டர் குறைத்துக் காட்டினால் தெளிப்பானைத் தேடும் முன் வெப்பநிலையைப் பாருங்கள்.

தெளிப்பதை முழு வழியாக நம்புவதுதான் அடுத்த பிழை. தெளித்த நீர் மேற்பரப்பை நனைத்துவிட்டு, சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். மறுபடி மறுபடி தெளித்தால் பாம்பு படுக்கும் இடம் சொதசொதவென்றாகி, வயிற்றுச் செதில்கள் அழுகத் தொடங்கும். ஈரம் கீழிருந்து எழும்ப வேண்டும். சைப்ரஸ் மரச்சில்லுகளோ தேங்காய் நார்க்கழிவோ 8 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். 120×60 செ.மீ. தரைக்கு இது ஏறத்தாழ 58 லிட்டர். தண்ணீரை மூலைகளில் மெதுவாக ஊற்றினால் அடிப்பகுதி ஈரமாகவும் மேல்பகுதி தொட்டால் உலர்ந்தும் இருக்கும். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. பாம்பு முழுவதும் இறங்கிப் படுக்கும் அளவுக்கு அகலமான தண்ணீர்க் கிண்ணம், ஈரமான ஸ்பேக்னம் பாசி (நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பாசி) நிரப்பிய மூடிய மறைவிடம் ஒன்று, இவ்விரண்டும் கட்டாயம். சூடான பக்கத்திலும் குளிர்ந்த பக்கத்திலும் உலர்ந்த மறைவிடங்களும் வேண்டும்; இல்லாவிட்டால் ஒளிய இடம் கிடைப்பதற்காகவே பாம்பு ஈரத்தில் கிடக்கும். பைன், செடார் சீவல்கள் வேண்டாம், அவற்றின் எண்ணெய் ஆவி நுரையீரலைத் தாக்கும்.

ஈரம் நிற்கட்டும் என்று காற்றுத் துளைகளையெல்லாம் டேப் போட்டு அடைப்பவர்கள் உண்டு. இதை வன்மையாக மறுக்கிறோம். தேங்கிய ஈரக்காற்றில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சுவிடுதல் என்று சுவாசத் தொற்று வரும். அப்போது கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும். வலை மூடி என்றால் முக்கால் பங்கை மூடி, கால் பங்கைத் திறந்து வையுங்கள். கண்ணாடியில் நாள் முழுக்க நீர் வழிந்தால் காற்று போதவில்லை.

ஹீட்டரைத் தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் இயக்கவே கூடாது. கூண்டின் கூரையில் பொருத்தும் ரேடியன்ட் ஹீட் பேனல் (சூட்டைக் கீழே வீசும் பலகை) இந்தப் பாம்புக்கு நன்கு பொருந்தும். தடித்த ஈரத் தரைக்கு அடியில் ஹீட் பேட் வைத்தால் சூடு மேலே வராது. அடியில் தேங்கும், புதைந்து படுக்கும் பாம்பைச் சுடும். தெர்மோஸ்டாட்டின் புரோபை, அதாவது வெப்பத்தை உணரும் முனையை, அசையாதபடி பொருத்துங்கள். பாம்பு அதைத் தள்ளித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டால், கூண்டு குளிர்ந்திருப்பதாக எண்ணி ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முள் காட்டும் மலிவு ஈரப்பதமானியை நம்ப வேண்டாம். டிஜிட்டல் மீட்டரையும் சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு எடுத்து, ஈர மணல் பதம் வரச் சில துளி நீர் விட்டு, மீட்டரோடு காற்றுப்புகாத பையில் அறை வெப்பத்தில் 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள். மீட்டரைப் பாம்பு வாழும் உயரத்தில், தண்ணீர்க் கிண்ணத்துக்குத் தள்ளி வைப்பது முக்கியம்.

குட்டியைப் பெரிய கூண்டில் விட வேண்டாம். சிறிய உடல் விரைவில் நீரிழக்கும். சிறு பெட்டியில் 90 சதவீதத்தைக் காப்பது எளிது. சட்டை துண்டு துண்டாக உரிந்தாலோ கண்மேல் படலம் நின்றுவிட்டாலோ ஈரம் குறைந்திருக்கிறது. படலத்தைக் கையால் பிய்க்காதீர்கள், ஈரப் பாசிப் பெட்டியில் ஓரிரு நாள் விடுங்கள்.

பாம்பு வருவதற்கு முன் காலிக் கூண்டை ஒரு வாரம் ஓட்டி, தினமும் அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளைக் குறித்து வையுங்கள். அந்த ஏழு நாளில் ஒருமுறை 32 டிகிரியைத் தொட்டிருந்தாலும், காரணம் பிடிபடும் வரை பாம்பைக் கொண்டுவரும் நாளைத் தள்ளிப்போடுங்கள்.